தொலைவும் நேரமும்

சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று கேட்டால், உங்களில் ஒருவர் கிலோமீட்டரில் விடை கூறுவார். இன்னொருவர், "நாலேகால் மணி நேரம்" என்பார். முன்னவர் நிலத்தை அளக்கிறார். பின்னவர் காலத்தை அளக்கிறார். இரண்டும் விடைகள்தாம். ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியில் சில பள்ளங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் நானே ஒருமுறை விழுந்தேன். ஆசிரியன் விழுந்த பள்ளத்தை மாணவர்களுக்குக் காட்டுவது தவறன்று என்று எண்ணி, அந்தக் கதையிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

1993ஆம் ஆண்டு. நாகப்பட்டினத்தை அடுத்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் கற்பித்து வந்தேன். அரையாண்டுத் தேர்வில் ஒரு வினாக் கொடுத்தேன். "ஒரு விமானம் சென்னையிலிருந்து இரவு 11 மணிக்குப் புறப்பட்டு, மறுநாள் காலை 5 மணி 45 நிமிடத்துக்குச் சிங்கப்பூரை அடைகிறது. பயண நேரம் எவ்வளவு?" பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு மணி, அதன்பின் ஐந்தே முக்கால் மணி, ஆக ஆறே முக்கால் மணி நேரம். இதுவே நான் எழுதி வைத்திருந்த விடை. நாற்பத்திரண்டு மாணவர்களில் பெரும்பாலோர் அவ்வாறே எழுதியிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் "4 மணி 15 நிமிடம்" என்று எழுதியிருந்தான். வழிமுறை ஒன்றும் காட்டவில்லை. சிவப்பு மையால் குறுக்குக் கோடு இட்டுச் சுழி போட்டேன்.

தாள்களைக் கொடுத்த அன்று, மாலை மணி அடித்த பிறகு அவன் ஆசிரியர் அறையின் வாயிலில் வந்து நின்றான். "என்ன தம்பி?" என்றேன். தாளை நீட்டி, "ஐயா, சிங்கப்பூர்க் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னாலே ஓடும். அந்த ஊரிலே ஐந்தே முக்கால் என்றால் நமக்கு மூன்றே கால்தான்" என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா அங்கேதான் வேலை செய்கிறார், ஐயா. போன புதிதில், ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடுகிறேன் என்று கடிதம் போட்டார். அம்மாவும் நானும் ஏழரை மணிக்கே கடைத்தெருத் தொலைபேசிக் கடைக்குப் போய்ப் பத்து மணி வரை உட்கார்ந்திருந்தோம். கூப்பிடவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கே அழைப்பு வந்து போய்விட்டது என்று அந்த நேரத்தில் கடையில் இருந்த பையன் மறுநாள்தான் சொன்னான். அப்பா அவர் ஊர் எட்டு மணியைச் சொல்லியிருக்கிறார். அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை, ஐயா."

அவன் சொன்னது அவ்வளவே. நான் பூகோளமும் படித்தவன். தீர்க்கரேகைக்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பை வகுப்பிலேயே பலமுறை விளக்கியவன். ஆயினும் வினா எழுதிய அன்று, கணிதப் பாடம் ஓர் அறையிலும் பூகோளப் பாடம் இன்னோர் அறையிலும் இருப்பதாகவே என் மனம் எண்ணிவிட்டது. அந்தச் சிறுவனுக்கோ அந்த இரண்டரை மணி ஒரு பாடமன்று. தன் தாய் பட்டினி கிடந்த ஓர் இரவு.

மறுநாள் வகுப்பில் என் பிழையைக் கூறினேன். எல்லாத் தாள்களையும் திரும்ப வாங்கினேன். அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். மற்றவர்களுடைய மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை, அவர்கள் நான் கற்பித்த வழியே சென்றவர்கள், குற்றம் வழிகாட்டியினுடையது. பிறகு அந்த வாரம் முழுவதும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள தொலைவையும் நேரத்தையும் அடியிலிருந்து கணக்கிட்டோம். அந்தக் கணக்கையே இப்பொழுது உங்களுடன் செய்யப் போகிறேன். தாளும் எழுதுகோலும் அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தொலைவு. நிலப்படத் தொகுதியைத் திறந்து பாருங்கள். சென்னை விமான நிலையம் ஏறத்தாழ வடக்கு அட்சம் 13.0 பாகையிலும், கிழக்குத் தீர்க்கம் 80.2 பாகையிலும் இருக்கிறது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வடக்கு அட்சம் 1.4 பாகை, கிழக்குத் தீர்க்கம் 104.0 பாகை. ஆகவே சென்னையிலிருந்து புறப்படுவோர் தெற்கே 11.6 பாகையும் கிழக்கே 23.8 பாகையும் கடக்க வேண்டும்.

பூமியின் மேற்பரப்பில் அட்சத்தில் ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். தீர்க்கத்தில் ஒரு பாகை பூமத்தியரேகையில் அதே அளவுள்ளது. துருவங்களை நோக்கிப் போகப் போகக் குறுகிக்கொண்டே வந்து, துருவத்தில் ஒன்றுமில்லாமற் போகும். நம் இரண்டு ஊர்களுக்கும் நடுவே, அதாவது ஏழு பாகை அட்சத்தில், அது சுமார் 110 கிலோமீட்டர். எனவே தெற்கு நோக்கிய தொலைவு 11.6 பெருக்கல் 111, அதாவது 1,288 கிலோமீட்டர். கிழக்கு நோக்கிய தொலைவு 23.8 பெருக்கல் 110, அதாவது 2,618 கிலோமீட்டர். இவ்விரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள். மூன்றாவது பக்கமாகிய கர்ணத்தைக் காண்பதற்கு உங்களுக்குப் பிதாகரஸ் தேற்றம் தெரியும். இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் காணுங்கள். 2,918 கிலோமீட்டர் வரும். பூமி உருண்டை என்பதை முறையாகக் கருதி, கோளத் திரிகோண கணிதத்தின்படி கணக்கிட்டால் 2,920 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். பத்துக் கிலோமீட்டர்கூட வேறுபடவில்லை. பள்ளிக்கூடக் கணிதம் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, பாருங்கள்!

ஆனால் இந்த வெற்றியால் மயங்கிவிடக் கூடாது. இதே முறையில் சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே உள்ள தொலைவைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 8,690 கிலோமீட்டர் வரும். உண்மையான மிகக் குறுகிய தொலைவோ 8,230 கிலோமீட்டர் அளவுதான். நானூறு கிலோமீட்டருக்கு மேல் பிழை! காரணம் என்ன? சிறிய பரப்பைத் தட்டை என்று கொண்டால் குற்றமில்லை. பெரிய பரப்பை அவ்வாறு கொள்ள முடியாது. மேலும் நம் இரண்டு ஊர்களும் பூமத்தியரேகைக்கு அருகே இருப்பதால் தீர்க்கரேகைகள் அங்கே ஏறக்குறைய இணைகோடுகளாகவே செல்கின்றன. லண்டனை நோக்கி வடக்கே போகும்பொழுது அவை நெருங்கிவிடுகின்றன. உங்கள் பள்ளியில் உள்ள பூமியுருண்டையில் சென்னையையும் லண்டனையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். தட்டைப் படத்தில் இட்ட நேர்கோட்டைவிட நூல் வடக்கே வளைந்து செல்லும். அந்த நூல் காட்டும் வழிக்குப் பெருவட்டம் என்று பெயர். பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு பகுதி அது. உருண்டையின்மேல் அதைவிடக் குறுகிய வழி கிடையாது.

விமானிகள் கிலோமீட்டரைவிடக் கடல் மைலையே மிகுதியாகப் பயன்படுத்துகிறார்கள். அட்சத்தில் ஒரு பாகையை அறுபது கலைகளாகப் பிரித்தால், ஒரு கலையின் நீளமே ஏறத்தாழ ஒரு கடல் மைல், அது 1.852 கிலோமீட்டர். அந்த அளவில் நம் தொலைவு ஏறத்தாழ 1,580 கடல் மைல். வழி எது என்று கேட்பீர்கள். சென்னையைவிட்டு எழுந்ததும் வங்காள விரிகுடா. பாதி வழியில் நிக்கோபார்த் தீவுகளின் அருகாமை. அதன்பின் சுமாத்திராவின் வடகரையோரம். பிறகு மலாக்கா நீரிணையை ஒட்டிச் சிங்கப்பூர். இது வரைபடத்து வழி. விண்ணில் வகுக்கப்பட்ட பாதைகளும், நடுக்கடலில் எழும் இடிமேகங்களும் விமானத்தை இப்பக்கமும் அப்பக்கமும் சிறிது விலகச் செய்யும். எனவே விமானம் பறக்கும் தொலைவு இந்தக் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

அடுத்தது நேரம். இன்றைய பெரிய பயணி விமானங்கள் உயரத்தை எட்டிய பின் மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. 2,920ஐ 850ஆல் வகுத்தால் 3 மணி 26 நிமிடம். அப்படியானால் கால அட்டவணையில் நாலேகால் மணி என்று ஏன் போடுகிறார்கள்? விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல், சேர்ந்த ஊரில் பயணிகள் இறங்கும் இடத்தில் முற்றிலும் நிற்பது வரை உள்ள காலமே அட்டவணையில் கணக்கிடப்படுகிறது. ஓடுபாதை வரை தரையில் மெல்ல ஊர்ந்து செல்ல வேண்டும். முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். மேலே ஏறும்பொழுதும் கீழே இறங்கும்பொழுதும் முழு வேகம் இராது. இறங்கிய பின்னும் ஊர்தல் உண்டு. இவையெல்லாம் சேர்ந்துதான் மூன்றரை மணியை நாலேகால் ஆக்குகின்றன. ஆகவே "தொலைவை வேகத்தால் வகுத்தால் நேரம்" என்னும் வாய்ப்பாடு பொய்யன்று. எந்த வேகம் என்று கேட்க மறந்தால் அது நம்மை ஏமாற்றிவிடும்.

இனிக் காற்று. ஓடத்தையும் ஆற்றையும் பற்றிய கணக்குகளை நீங்கள் செய்திருப்பீர்கள். விமானமும் ஓர் ஓடமே. காற்று அதன் ஆறு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், நம் தென்னிந்தியாவின் மேலே மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு வேகமான காற்றோட்டம் செல்கிறது. நிலத்தில் மேல்காற்று, வானத்தின் உச்சியில் கீழ்க்காற்று. இந்தக் கிழக்குத் தாரைக்காற்றைப் பற்றி நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீசுவரம் 1958ஆம் ஆண்டில் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை உலகறிந்தது. ஆகவே அம்மாதங்களில் சிங்கப்பூருக்குப் போகும் விமானம் எதிர்நீச்சல் போடுகிறது; திரும்பி வரும் விமானத்தைக் காற்றே தள்ளிக்கொண்டு வருகிறது.

காற்றின் வேகம் வழி முழுவதும் மணிக்கு 100 கிலோமீட்டர் என்று கொள்வோம். போகும்பொழுது விமானத்தின் நிகர வேகம் 750, வரும்பொழுது 950. போவதற்கு 3 மணி 54 நிமிடம். வருவதற்கு 3 மணி 4 நிமிடம். கூட்டினால் 6 மணி 58 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் இருமுறை 3 மணி 26 நிமிடம், அதாவது 6 மணி 52 நிமிடம். போகும்பொழுது இழந்ததைக் காற்று வரும்பொழுது முழுவதும் திருப்பித் தரவில்லை. ஆறு நிமிடத்தைத் தானே வைத்துக்கொண்டது. ஏனென்றால் எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கியிருக்கிறது. துணைக்காற்றைக் குறைந்த நேரமே அனுபவிக்கிறது. வேகங்களின் சராசரி வேறு, சராசரி வேகம் வேறு என்னும் உண்மையை இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதாகக் கடிகாரம். என்னை வீழ்த்திய பள்ளம் இதுதான். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 23.8 பாகை இருப்பதால், அங்கே நண்பகல் ஆகி 95 நிமிடம் கழித்து நமக்கு நண்பகல் ஆகிறது. சூரியன் கூறும் வேறுபாடு இவ்வாறு ஒன்றரை மணியைச் சற்றே தாண்டும். கடிகாரங்கள் காட்டும் வேறுபாடோ இரண்டரை மணி. மீதி எங்கிருந்து வந்தது?

மனிதன் வகுத்த ஏற்பாட்டிலிருந்து வந்தது. ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேலுள்ள சூரியனைப் பார்த்து மணி வைத்துக்கொண்டால் இரயில் ஓடாது, தந்தி போகாது. ஆகையால் நாடு முழுவதற்கும் ஒரு நேரம் வகுத்தார்கள். 1906ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம் இந்தியத் திட்ட நேரமாயிற்று. அது கிரீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. அதற்கு முன் வழங்கிய சென்னை நேரம் இதற்கு ஒன்பது நிமிடம் பிந்தியது. சிங்கப்பூர், தான் இருக்கும் இடத்தின்படி கிரீனிச்சுக்கு ஏறத்தாழ ஏழு மணி முந்தியிருக்க வேண்டும். ஆனால் அது பல ஆண்டுகள் ஏழரை மணி முந்திய நேரத்தைக் கைக்கொண்டது. மலேசியா தன் இரண்டு பகுதிகளுக்கும் ஒரே நேரத்தை வகுத்தபொழுது சிங்கப்பூரும் அதனோடு சேர்ந்து, 1982ஆம் ஆண்டு பிறக்கும் தறுவாயில் கடிகாரத்தை மேலும் அரைமணி முன்னே தள்ளிவைத்தது. அன்று முதல் அது எட்டு மணி முந்தியது. நமக்கும் அதற்கும் இடையே இரண்டரை மணி. இதன் விளைவாகச் சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் காலை ஏழு மணி அளவில்தான் சூரியன் உதிக்கிறது.

இப்பொழுது திரும்பும் பயணத்தைப் பாருங்கள். சிங்கப்பூரில் இரவு ஏழரைக்குப் புறப்படும் விமானம் சென்னைக்கு இரவு ஒன்பதே கால் மணிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெறுமனே கழித்தால் ஒன்றே முக்கால் மணி! போவதற்கு ஆறே முக்கால், வருவதற்கு ஒன்றே முக்கால் என்று எந்த விமானமும் பறக்காது. இரண்டு நேரங்களையும் ஒரே ஊர்க் கடிகாரத்துக்கு மாற்றிக்கொண்டு கழித்தால் இரு பயணமும் நாலேகால் மணியே என்று தெளிவாகும். முழத்தால் அளந்ததிலிருந்து கஜத்தால் அளந்ததை யாராவது கழிப்பார்களா? அதைத்தான் 1993இல் நான் செய்தேன்.

இந்த நாலேகால் மணியின் அருமை, கப்பலில் போனவர்களுக்குத்தான் தெரியும். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரையில் ஓடியது. என் தாய்மாமன் அதில்தான் போனார். ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். அவர் சேர்ந்தார் என்னும் செய்தி கடிதமாக வந்து சேர அதற்கு மேலும் நாளாகும். அதுவரை என் பாட்டியார் அடுப்படிச் சுவரில் கரியால் நாளுக்கொரு கோடு இழுத்து வந்தார். அதன்பின் வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985ஆம் ஆண்டில் தீவிபத்து நேர்ந்தது. அத்துடன் அந்தப் பயணிக் கப்பல் போக்குவரத்தும் நின்றது. ஒரு வாரம் என்பது 168 மணி நேரம். நாலேகால் மணியைப்போல் ஏறத்தாழ நாற்பது மடங்கு. ஆனால் ஒன்று கவனியுங்கள். அன்று எங்கள் பகுதி மக்கள் நாகப்பட்டினத்துக் கரையிலேயே கப்பல் ஏறினார்கள். இன்று அவர்கள் சென்னையில் விமானம் ஏறுவதானால், சுமார் 300 கிலோமீட்டர் பேருந்தில் ஏழு மணி நேரம் பயணம் செய்து, விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி முன்பே போய்க் காத்திருக்க வேண்டும். 300 கிலோமீட்டருக்கு ஏழு மணி. 2,920 கிலோமீட்டருக்கு நாலேகால் மணி! பயணம் எவ்வளவு நேரம் என்று கேட்டால், எந்த வாயிலிலிருந்து எந்த வாயில் வரை என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற பின், 2018ஆம் ஆண்டில் முதன்முறையாக இந்த வழியில் பறந்தேன். என் தேர்வு வினாவில் எழுதியதைப் போலவே இரவில் புறப்பட்டு விடியற்காலையில் போய் இறங்கினேன். கடிகாரம் ஆறு மணி காட்டியது. வெளியே நள்ளிரவு போன்ற இருள். ஏழு மணி வரையில் கண்ணாடிச் சுவரின் அருகே நின்று, அந்த ஊர்ச் சூரியன் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையனின் நினைவு வந்தது. புறப்படும் முன் என் மனைவியிடம், "போய்ச் சேர்ந்ததும் எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லியிருந்தேன். கணிதம் படிக்காத அந்த அம்மையார் உடனே கேட்டார்: "எந்த ஊர் எட்டு மணி?"

மாணவ நண்பர்களே, நேரத்தை எழுதும்பொழுதெல்லாம் அதன் பக்கத்தில் ஊரின் பெயரையும் எழுதுங்கள். அந்தப் பையன் தொலைபேசிக் கடையில் கற்றுக்கொண்டதை நீங்கள் காகிதத்திலேயே கற்றுக்கொள்ளலாம்.